என் மகளுக்குக் கொடுக்காத தண்ணீர்

அந்த டம்ளர் தண்ணீரை நான் என் மகளுக்குக் கொடுக்கவில்லை. கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரில், வாழைமரம் கட்டிய பந்தலுக்குக் கீழே, எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தபோது கொடுக்கவில்லை. அந்தத் தண்ணீரை வடிகட்டிய டிரம்மைச் செய்தவளே நான்தான். அதனால்தான் கொடுக்கவில்லை என்று இன்றைக்கு நேராகச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு அவ்வளவு நேராக வரவில்லை.

நான் வேதியியல் படித்தவள். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவி. சங்கராபுரத்தில் குடியிருக்கிறோம். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. காலையில் அவளுக்கு ஊட்டிவிட்டு, மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் குளியலறை வாளி ஞாபகம் வந்துவிடும். அதில் தண்ணீர் இருந்ததா, கவிழ்த்தேனா? இறங்கும் முன் எப்படியும் ஒரு போன் போடுவேன். "வாளி காலியா இருக்குதா பாருங்க அத்தே." "காலையிலயே கவுத்துட்டேன், நீ போய் வேலையப் பாரு" என்பார். அதற்குப் பிறகும் கவிழ்த்த வாளியை மகள் நிமிர்த்திவிடுவாளோ என்று யோசித்துக்கொண்டே ஆய்வகத்துக்குள் நுழைவேன். இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் ஒரு ஊரின் குடிதண்ணீரைக் கொடுத்திருந்தார்கள்.

மலையில் நாங்கள் எடுத்த தண்ணீர் மாதிரிகளில் ஒரே ஒரு சிற்றூரின் ஆழ்துளைக் கிணற்றில் மட்டும் காரீயம் இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. பாறையிலிருந்து வந்ததா, பழைய குழாய் இணைப்புகளிலிருந்து வந்ததா என்று இதுவரை தெரியவில்லை. காரீயம் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மகள் பிறந்த பிறகு அதே வரியை வேறு மாதிரி படித்தேன்.

காரீயத்தைப் பிடித்துவைக்க நாங்கள் செய்த பொருளின் செய்முறையைச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். மணலூர்பேட்டையில் என் அப்பா வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலை மூட்டையாகக் கொண்டுவந்தேன். அதைக் கழுவிக் காயவைத்து, வெல்லப்பாகு ஊற்றிப் பிசறி, காற்றுப் புகாத உலையில் வைத்துச் சூடேற்ற வேண்டும். வெல்லத்தில் மற்றதெல்லாம் ஆவியாகிவிடும். கரி மட்டும் ஒவ்வொரு மணல் பரலையும் சுற்றி ஏடு ஏடாகப் படியும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய ஏடுகள். இதைத்தான் கட்டுரைகளில் கிராஃபீன் வகை என்றும் கார்பன் நானோ பொருள் என்றும் எழுதுகிறோம். கறுப்பாகிவிட்ட அந்த மணல் வழியே தண்ணீர் இறங்கும்போது காரீயம் ஏடுகளில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் கீழே வரும்.

என் கணவர் உலையிலிருந்து வந்த முதல் பிடி மணலைப் பார்த்துவிட்டு, "வெல்லத்தக் கருக்கறதுக்கா எம்.எஸ்ஸி. படிச்ச? எங்கம்மா அத படிக்காமயே செய்வாங்களே" என்றார். மாமியார் அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

மணலை இரண்டு தடவையாக உலையில் வைத்தேன். முதல் உலைக்கான மணலை, கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவினேன். பத்துப் பன்னிரண்டு முறை இருக்கும். இரண்டாம் உலைக்கான மணலைக் கழுவிய அன்று மகளுக்குக் காய்ச்சல். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மூன்றாம் கழுவலோடு நிறுத்திவிட்டேன். வாளியில் தண்ணீர் கலங்கலாகத்தான் இருந்தது. குறிப்பேட்டில் "மணல் கழுவப்பட்டது" என்று எழுதினேன். எத்தனை முறை என்று எழுதவில்லை.

இரண்டு நீல பிளாஸ்டிக் டிரம்களில் கூழாங்கல், சாதா மணல், கறுப்பு மணல் என்று அடுக்கி, அடியில் குழாய் வைத்து அந்த ஊர் ஆழ்துளைக் கிணற்றடியில் நிறுத்தினோம். முதல் உலை மணல் ஒரு டிரம்மில், இரண்டாம் உலை மணல் இன்னொன்றில். டிரம்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊரில் ஒரு பெண் ஏற்றுக்கொண்டாள். சாமையும் மரவள்ளியும் பயிரிடும் வீடு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் அக்கா என்பேன். அவள் என்னை டீச்சர் என்பாள். நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "பையும் பேனாவும் வச்சிக்கினு வந்தா டீச்சர்தான்" என்றாள். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை, என் மகளைவிட ஆறு மாதம் பெரியவள்.

சோதனை முடியும்வரை குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். வாரம் ஒருமுறை நான் வெள்ளிமலை பஸ்ஸில் போய் மாதிரி எடுத்து வருவேன். முடிவுகள் நன்றாக வந்தன. இரண்டு டிரம்மிலும் காரீயம் ஏறக்குறைய இல்லை. எங்கள் பேராசிரியருக்கு மகிழ்ச்சி. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார். வெளியூரிலிருந்து பெரியவர்கள் வருவார்கள் என்றார். ஆழ்துளைக் கிணற்றை விட்டுவிட்டு, குடிதண்ணீருக்கு ஊற்றுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் இனிமேல் போக வேண்டாம் என்று ஊரில் சொல்லிவிட்டும் வந்தார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் போனேன். இரண்டாவது டிரம் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பழைய சேலையை விரித்து, அதில் மணல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளை மணல். அப்பா வீட்டு வாசலில் குவிந்திருந்த அதே நிறம்.

"இன்னாக்கா இது?"

"கழுவிட்டேன் டீச்சர். பெரிய ஆளுங்கல்லாம் வராங்களாமே. இவ்ளோ அழுக்கு மணல வச்சிக்கினு எப்பிடி தண்ணி குடுக்கறது? ஓடையில போட்டு சாம்பல் வச்சி தேச்சேன். கறுப்பு எல்லாம் பூடுச்சு பாரு."

"அது அழுக்கு இல்லக்கா. அதுதான் மருந்து மாதிரி."

அவள் என்னையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தாள். "மருந்துன்னா எங்கிட்ட சொல்லணுமா இல்லியா? கரி மாதிரி இருந்தா கரின்னுதான் நெனப்பாங்க." பிறகு தானாகவே சொன்னாள். "அந்த இன்னொரு டிரம்மையும் கழுவலாம்னு ரெண்டு கை அள்ளித் தேச்சேன். அது எவ்ளோ தேச்சாலும் போவல. கை வலிச்சதுதான் மிச்சம். சரி, அது அப்பிடியே கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்."

சேலையிலிருந்த மணலைக் கையில் அள்ளிப் பார்த்தேன். முதல் உலை மணலில் கறுப்பு போகவில்லை. இரண்டாம் உலை மணலில் போய்விட்டது. நான் கழுவாமல் விட்ட சேறு, பரலுக்கும் கரிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கரி மணலைப் பிடிக்கவில்லை, சேற்றைப் பிடித்திருக்கிறது. சேறு கழன்றால் கரியும் கழலும். கை தேய்த்துக் கழன்றது, தண்ணீர் ஓடி ஓடிக் கழலாதா?

இதைப் பேராசிரியரிடம் பாதிதான் சொன்னேன். மணலைக் கழுவிவிட்டார்கள் என்று சொன்னேன். நான் கழுவாததைச் சொல்லவில்லை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "படிக்காத ஜனங்கம்மா. ஆய்வகத்துல மீதி மணல் இருக்குல்ல, அத போட்டு ரொப்பிடு. விழாவுக்கு ரெண்டு டிரம் வேணும்."

மீதி மணலும் இரண்டாம் உலை மணல்தான். தெரிந்தே கொண்டுபோய் ரொப்பினேன். அவர் சொன்னார், செய்தேன். சொன்னதைச் செய்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே சுலபம். ரொப்பிவிட்டு இரண்டு டிரம்களிலிருந்தும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பிளாட்பாரக் கடையில், சாவிக்கொத்தில் மாட்டும் லேசர் விளக்கு விற்பார்கள். பூனைக்கு விளையாட்டுக் காட்ட வாங்குவது. ஒன்று வாங்கினேன். மறுநாள் மதியம் வீட்டில் மகளோடு சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டில்களை வரிசையாக வைத்து ஒளியைச் செலுத்தினேன். சுத்தமான நீரில் ஒளிக்கற்றை தெரியாது. மிதக்கும் துகள் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த காய்ச்சி வடித்த நீரில் கோடு இல்லை. முதல் டிரம் தண்ணீரிலும் இல்லை. இரண்டாம் டிரம் தண்ணீரில் பாட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் கோடு போட்டதுபோல் நின்றது. மகள் அதைப் பிடிக்கப் பார்த்தாள்.

பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

"தூசி இருந்தாலும் கோடு தெரியும்மா. அது உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவர் சொன்னது சரிதான்.

"காரீயம் வரலன்னு மிஷினே சொல்லுது. அப்புறம் இன்னா பயம்? குழந்தை பொறந்ததுலேர்ந்து நீ எல்லாத்துக்கும் பயப்படற. விழாவுக்குக் குழந்தையையும் கூட்டிட்டு வா. நீயே அதுக்கு மொத டம்ளர் குடுத்தா போட்டோ நல்லா வரும். ஊருக்கும் நம்பிக்கை வரும்."

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்பதும் சரிதான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

விழா நாள் காலையில் மகளுக்குப் பால் வடிகட்டிக்கொண்டிருந்தேன். ஆடை வடிகட்டியில் தங்கியது. டம்ளரில் சுத்தமான பால். வடிகட்டியைத் தட்டி ஆடையைக் குப்பையில் போடப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

மாதிரித் தண்ணீரைக் காரீயம் அளக்கும் மிஷினுக்குக் கொடுக்கும் முன் நாங்கள் வடிகட்டுவோம். மிக நுண்ணிய துளைகள் கொண்ட தாள். மிஷின் அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எல்லா ஆய்வகத்திலும் செய்வதுதான். கறுப்பு ஏடுகள் தண்ணீரோடு வந்திருந்தால் பெரும்பாலும் அந்தத் தாளில் தங்கியிருக்கும். ஏடுகளில் ஒட்டிய காரீயமும் அவற்றோடு தங்கியிருக்கும். தாளைக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத் தண்ணீரை அளந்து, காரீயமே இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஆனால் மலையில் யாரும் தாளில் வடிகட்டிக் குடிக்கப் போவதில்லை. நாங்கள் அளந்தது ஒரு தண்ணீர், அவர்கள் குடிக்கப்போவது வேறொரு தண்ணீர்.

கச்சிராயபாளையம் தாண்டி வேன் மலை ஏறியபோது மகள் என்மேல் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். துடைத்துக்கொண்டே பேராசிரியரின் இருக்கைக்குப் பின்னால் குனிந்து சொன்னேன். "சார், வடிகட்டாம ஒரு தடவை அளந்துடலாம் சார். அதுவரைக்கும் ரெண்டாவது டிரம் வேணாம்."

"இன்னைக்கா சொல்ற இத?"

"இன்னைக்குத்தான் சார் தோணுச்சு."

"விழா முடியட்டும். நாளைக்கு அளந்துக்கலாம்." அவர் கோபப்படவில்லை. திரும்பி மகளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார், முகர்ந்தால் வாந்தி நிற்கும் என்று. அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

மாலை போட்டிருந்தது இரண்டாவது டிரம்முக்குத்தான். பந்தலுக்குப் பக்கத்தில் நின்றது அதுதான். சிவப்பு ரிப்பனை வெட்டினார்கள், கை தட்டினார்கள். ஒருவர் குழாயைத் திருகி எவர்சில்வர் டம்ளரில் பிடித்து என்னிடம் நீட்டினார். பேராசிரியர் மைக்கில், "இத உருவாக்கின எங்க மாணவி, தன் குழந்தைக்கே மொத டம்ளர் தராங்க" என்றார். மகள் தாகத்தில் இருந்தாள். வாந்தி எடுத்த வாய். டம்ளரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள்.

"இந்தத் தண்ணிய குடுக்க மாட்டேன் சார்" என்றேன்.

மைக் அருகில் இருந்ததால் ஊருக்கே கேட்டது. பேராசிரியர் சிரித்தபடி, "ஒரு வாய்தாம்மா" என்றார், மைக்கை மூடிக்கொண்டு.

"மாட்டேன் சார்."

முதலில் பேசியது அக்காதான். கூட்டத்தின் முன்னால் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "இன்னா டீச்சர், உன் புள்ளைக்கு ஆவாதது எங்க புள்ளைங்களுக்கு ஆவுமா? நாலு நாளா கொழம்புக்கு இதத்தான் ஊத்திக்கினு இருக்கேன்."

"குடிக்காதீங்கன்னு சொன்னேனே அக்கா."

"குடிக்காதன்னுதான சொன்ன. கொழம்பு வைக்காதன்னு சொன்னியா?"

டம்ளரோடு அவள் பக்கம் திரும்பினேன்.

"என் புள்ளைக்கும் வேணாம், உங்க புள்ளைக்கும் வேணாம்க்கா. இந்த டிரம்முல இருக்கற மணல நான் சரியா கழுவல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மூணு தண்ணியோட வுட்டுட்டேன். நீங்க தேச்சப்ப போச்சே, அந்தக் கறுப்பு, அது தண்ணியிலயும் வருது. அதோட காரீயமும் வருதோன்னு சந்தேகமா இருக்குது. இல்லன்னு தெரியறவரைக்கும் யாரும் இதத் தொட வேணாம்."

"அப்ப மறுபடியும் ஊத்துக்கு நடக்கணுமா?"

"ஆமாங்க்கா."

"ஊத்துக்குத்தான் போய்க்கினு இருந்தோம். நீங்களாத்தான் வந்து போவாதீங்கன்னீங்க. இப்ப நீங்களே போங்கன்றீங்க. நல்லா படிச்சீங்க போங்க." பின்னால் சிலர் சிரித்தார்கள். டம்ளரை மண்ணில் கவிழ்த்தேன். வெட்டிப்போட்ட ரிப்பன் காலடியில் கிடந்தது. அதை எடுத்துக் குழாயின் திருகைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். அவசரத்தில் முடிச்சு சரியாக விழவில்லை. அக்கா மகளைக் கீழே இறக்கிவிட்டு வந்து அவிழ்த்து மறுபடி இறுக்கினாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஊர் வந்து வேனிலிருந்து இறங்கும்போது பேராசிரியர், "மூணு தண்ணிதான்னு எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றார். அது மட்டும் என்னைக் குத்தியது. மற்றது எதுவும் குத்தவில்லை.

வீட்டில் கணவர் கேட்டார். "ஒரு வாய் குடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது."

"அப்புறம்?"

ஒரு வாயில் ஒன்றும் ஆவதில்லை. அந்த ஒரு வாயைப் பார்த்துவிட்டு ஊர் முழுக்கத் தினமும் குடித்திருக்கும். இதைச் சொன்னேன். அவர் மகளின் சட்டையில் தொங்கிய நூலைப் பிய்த்துவிட்டு, "உங்க சார் உன்ன விட மாட்டாரு" என்றார். பயந்துகொண்டேதான் அடுத்த வேலைகள் எல்லாவற்றையும் செய்தேன். பயம் போன பிறகு செய்யலாம் என்று இருந்திருந்தால் இன்றைக்கும் செய்திருக்க மாட்டேன்.

வடிகட்டாமல், அமிலம் சேர்த்துக் காய்ச்சி, தண்ணீரில் இருப்பதெல்லாம் கரைந்த பிறகு அளந்தோம். இரண்டாம் டிரம் தண்ணீரில் இருந்த காரீயத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுக் காரீயத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் டிரம் தண்ணீரில் காரீயம் நிஜமாகவே குறைந்திருந்தது. பேராசிரியர் முடிவுகள் அச்சான தாளை இரண்டு முறை படித்தார். "முதல் டிரம்ம மட்டும் அறிக்கையில போடலாம். ரெண்டாவது செய்முறைப் பிழைதான?" என்றார்.

"பிழையையும் போடணும் சார். என் பேர்லயே போடுங்க."

"உனக்குத்தாம்மா கெட்ட பேரு."

"பரவால்ல சார்."

மூன்று முறை அந்தப் பத்தியைக் கோடு போட்டு அடித்தார். மூன்று முறையும் திரும்பத் தட்டச்சு செய்து வைத்தேன். நான்காம் முறை அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

புதிதாக ஓர் உலை மணல் செய்தேன். இந்தமுறை எத்தனை தண்ணீர் என்று குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டே கழுவினேன். செய்த மணலில் ஒரு பையை, மிஷினில் சோதிக்கும் முன்பே மலைக்குக் கொண்டுபோனேன். அக்கா வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா, மறுபடியும் வந்துட்ட?"

"இத தேச்சுக் குடுங்கக்கா. அன்னைக்குத் தேச்ச மாதிரியே."

"அன்னைக்குத் தேச்சது தப்புன்ன. இன்னைக்குத் தேய்ன்ற." ஆனாலும் கத்தியை வைத்துவிட்டுச் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்து வந்தாள். முழங்கை வரை நனைத்துக்கொண்டு தேய்த்தாள். என்மேல் இருந்த கோபம் முழுக்க அந்த மணலில் இறங்கியது என்றுதான் நினைக்கிறேன். தண்ணீரில் சாம்பல் நிறம் வந்தது. இரண்டு முறை அலசியதும் அதுவும் தெளிந்தது. மணல் கறுப்பாகவே கிடந்தது. "போவ மாட்டேங்குது" என்றாள், தோற்றவள் போல. அடுத்த அறிக்கையில் இதையும் எழுதினேன். பேராசிரியர் இதை மட்டும் அடிக்கவில்லை, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அது அங்கேயே இருக்கிறது.

அந்த மணலை இரண்டாவது டிரம்மில் போட்டோம். வடிகட்டாத அளவுகள் தொடர்ந்து பல வாரம் நன்றாக வந்த பிறகு ஒருநாள் போனோம். விழா இல்லை, பந்தல் இல்லை. கணவர் வண்டி ஓட்டினார், நடுவில் மகள். இப்போது அவளுக்கு வாந்தி வரவில்லை. அக்காவின் வீட்டுக்குள் பட்டப்பகலில் கதவைச் சாத்தி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தேன். லேசரை அவளே வாங்கிக்கொண்டாள். ஒரு பக்கம், மறுபக்கம், மேலிருந்து, எல்லாப் பக்கமும் அடித்துப் பார்த்தாள்.

"கோடு எதுவும் தெரியல."

"ம்."

"உன் கண்ணுக்கு?"

"எனக்கும் தெரியலக்கா."

கதவைத் திறந்தாள். டம்ளரைக் கழுவி, டிரம்மிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து என் முன் நீட்டினாள். எனக்கில்லை என்று இருவருக்கும் தெரியும். "மொதல்ல உன் புள்ள" என்றாள்.

வாங்கினேன். அளவுகள் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் கை ஒரு நொடி நின்றது. அக்கா அதைப் பார்த்தாள். பார்க்கட்டும் என்றே நின்றேன். பிறகு கொடுத்தேன். மகள் பாதியைக் குடித்து, மீதியைத் தன் கவுன்மேல் ஊற்றிக்கொண்டு சிரித்தாள். அக்கா உள்ளே போய்த் தன் மகளைக் கூட்டிவந்து, அதே டம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். லேசரைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மலை இறங்கும்போது இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மகளின் வாயைத் திறந்து நாக்கில் கறுப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். "இன்னும் சந்தேகமா?" என்றார் கணவர். ஆமாம் என்றேன். என் பையில் அன்றைய மாதிரி இரண்டு பாட்டில் இருந்தது. இரண்டும் தாளில் வடிகட்டாதவை.